உண்ணிகள் மீது ஒரு புகார் மனு

எங்கள் தெருவுக்கு உண்ணியைக் கொண்டுவந்தவன் நான்தான். இதை அன்றே ஒப்புக்கொண்டிருந்தால் ஒரு மாதத்தில் விஷயம் முடிந்திருக்கும். ஒப்புக்கொள்ளாததால் நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் நான் எவ்வளவு புத்திசாலித்தனமாக நடந்துகொண்டேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்போது நானும் என் மனைவி சுமதியும் வேங்கிக்காலில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரர் முனிரத்தினமும் அவர் மனைவியும். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை. திங்கட்கிழமைகளில் மக்களிடம் மனு வாங்கிப் பதிந்து, எண் போட்டு, ஒப்புகைச் சீட்டு கொடுக்கும் மேஜையில் உட்காருவேன். (வருகிறவர்கள் எல்லோரும் கும்பிடுவார்கள். அது மேஜைக்குப் போடும் கும்பிடு என்று புரிய எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.)

ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு அம்மா, ஊர் திரும்பும் முன் தன் நாயை யாரிடமாவது ஒப்படைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். நாயின் பெயர் மௌனா. அமைதியைத் தேடி வந்தவர் ஆசையாக வைத்த பெயர். சுமதி வேண்டாம் என்றாள். வாயில்லா ஜீவன் என்று நான்தான் வாதாடிக் கூட்டி வந்தேன். வாய் இருக்கிறது என்பது அன்று மாலையே தெரு முழுக்கத் தெரிந்தது.

பதினைந்து நாள் கழித்து, சுவரில் ஆமணக்குக் கொட்டை நடக்கிறது என்று சுமதி சொன்னாள். ஆமணக்குக் கொட்டை நடக்காது என்று நான் அவளுக்கு விளக்கினேன். விளக்கி முடிப்பதற்குள் அது எங்கள் கல்யாண போட்டோவுக்குப் பின்னால் போய்விட்டது. போட்டோவைக் கழற்றிப் பார்த்தால், மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார் என்று சொல்லும் அளவுக்கு அங்கே கூட்டம்.

மௌனாவை அரசு கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். மருத்துவர் நிதானமான பெண்மணி. காதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நாயின் மேல் இருப்பது கம்மி, வீட்டில் இருப்பதுதான் ஜாஸ்தி என்றார். இந்த வகை உண்ணி, நாயோடு பயணம் செய்து ஊர் ஊராகப் பரவுமாம். புதரைவிட வீடுதான் அதற்கு வசதி. சுவர் இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்குமாம். நாய்க்கு மாத்திரை, இடுக்குகளுக்கு மருந்து கொடுத்தார். முட்டை பொரியப் பொரிய, இடைவெளி விட்டு மூன்று முறை அடிக்க வேண்டும். உடம்பில் ஏறியதை இடுக்கியால் பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போட வேண்டும், விரலால் நசுக்கக் கூடாது. கடைசியாக ஒன்று சொன்னார்.

"கீழ் வீட்லயும் பக்கத்து வீட்லயும் சொல்லிடுங்க சார். எல்லாரும் ஒண்ணா அடிச்சாதான் போவும்."

தலையாட்டினேன். முனிரத்தினத்திடம் சொன்னால் ஒன்று நாயை வெளியே அனுப்பச் சொல்வார், அல்லது நாயோடு எங்களை. ஆகவே சொல்லவில்லை. மருந்தையும் ஒரே ஒரு முறை அடித்தேன். அதற்குள் மொபைலில் வேறொரு வழியைப் படித்திருந்தேன். கினிக்கோழி உண்ணியைப் பொறுக்கித் தின்னுமாம். மருந்து வேண்டாம், நாற்றம் வேண்டாம், யாரிடமும் சொல்ல வேண்டாம்.

டாக்டர் சொன்னதைச் செய்தால் போதாதா என்று சுமதி கேட்டாள். நான் அடி அண்ணாமலைக்குப் போனேன். அங்கே கினிக்கோழி வளர்க்கும் ஒரு அம்மாவிடம், இது உண்ணியைத் தின்னுமா என்று விசாரித்தேன். "எல்லாத்தையும் தின்னும்ங்க. சத்தம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். ஆறு கோழி வாங்கினேன்.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. மொட்டைமாடியில் முனிரத்தினத்தின் மனைவி காயவைத்த வடகத்தைத் தின்றன. சுமதியின் கறிவேப்பிலைக் கன்றைத் தின்றன. என் காலுறையில் பாதியைத் தின்றன. உண்ணி ஒன்றை நானே பிடித்து அவற்றின் முன்னால் வைத்தேன். ஆறும் சுற்றி நின்று பார்த்தன. பிறகு ஆறும் ஒன்றாகக் கத்தின. மௌனா பதில் சொன்னது. உண்ணி பொறுமையாக நடந்து சுவர் ஏறியது.

இதற்கிடையில் உண்ணி மாடிப்படி இறங்கிவிட்டது. ஒரு நாள் காலை முனிரத்தினம் உள்ளங்கையில் ஒன்றை வைத்துக்கொண்டு மேலே வந்தார்.

"இன்னா சார் இது? சுவத்துல மேய்துங்க. உங்க வூட்லயும் கீதா?"

உண்மையைச் சொல்ல நல்ல தருணம் அதுதான். நான் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எதிர் மனையில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேல் புதரிலிருந்து வந்திருக்க வேண்டும் என்றேன். நாயால் இருக்குமோ என்று அவர் இழுத்தார். மௌனா வெளிநாட்டு அம்மா வளர்த்த நாய், அதற்கெல்லாம் வராது என்றேன். அரசு ஊழியர் சொல்கிறாரே என்று நம்பிவிட்டார்.

மாதம் இரண்டு ஆவதற்குள் தெருவில் ஏழெட்டு வீட்டுக்குப் பரவியது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடிப் பேசினார்கள். அந்தக் காலி மனையை இப்படிப் போட்டுவைத்தவரை நான்தான் எல்லோரையும்விடக் கடுமையாகத் திட்டினேன். மனு கொடுக்கலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான். எழுதிக் கொடுத்ததும் நான்தான். நல்ல மனு அது. 'அல்லலுறும் பொதுமக்கள்' என்று இரண்டு இடத்தில் போட்டிருந்தேன்.

அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை, தெருக்காரர்கள் நான்கைந்து பேரோடு முனிரத்தினம் என் மேஜைக்கு வந்தார். கையில் மனு, இன்னொரு கையில் ஊறுகாய் பாட்டில். பாட்டிலுக்குள் சாட்சிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. மனுவின் அடியில் பேனாவால் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்: 'மேலும், மாடியில் குடியிருப்பவர் வளர்க்கும் ஆறு கோழிகள் பகல் முழுவதும் கத்துவதால் நிம்மதி இல்லை.' சார் தப்பா எடுத்துக்கக் கூடாது என்று அவரே சங்கடப்பட்டார். நான் பெருந்தன்மையாகச் சிரித்து எண் போட்டேன்.

உண்ணி சம்பந்தப்பட்டது என்பதால் மனு கால்நடைத் துறையின் மேஜைக்குப் போக வேண்டும். அது எனக்கு அடுத்த மேஜை. அன்று அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று நான் பார்த்திருக்க வேண்டும்.

மருத்துவர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். "இது புதர்லேருந்து வரல. நாய் வளக்கிற வீட்லேருந்து வந்திருக்கு. உங்க தெருவுல யார் வீட்டுக்குள்ள நாய் இருக்கு?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். மருத்துவரும் திரும்பினார். முகம் மலர்ந்தது.

"அட, நீங்களா சார்? மௌனா எப்டி இருக்கு?"

நன்றாக இருக்கிறது என்றேன்.

"கீழ் வீட்ல சொல்லச் சொன்னேனே, சொன்னீங்களா?"

இதற்கும் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் என் கை பழக்க தோஷத்தில் ஒப்புகைச் சீட்டைக் கிழித்து முனிரத்தினத்திடம் நீட்டியது. அவர் அதை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். சாயங்காலம் வீட்டு வாசலில் நிறுத்தி மெதுவாகத்தான் பேசினார். "என் சம்சாரம் கால் பூரா தடிப்பு தடிப்பா வந்து சொறிஞ்சிகினு கீது சார். ஒரு வார்த்த சொல்லியிருந்தா மருந்து அடிச்சிருப்போம். உங்கள இன்னா பண்ணியிருக்கப் போறோம்?"

சத்தம் போட்டிருந்தால் தேவலை. அதுவரை என் பயமெல்லாம் வீடு போய்விடுமே என்பதுதான். அந்த அம்மாவின் காலை நான் ஒரு முறைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் சுமதிதான் கீழே போய் முதலில் மன்னிப்புக் கேட்டாள். பின்னாலேயே நானும் போனேன். அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் முதுகில் மருந்து தெளிப்பானை மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறினேன். கட்டில் தூக்கினேன், சுவாமி படம் கழற்றினேன், விரிசலுக்கு சிமென்ட் பூசினேன். மூன்று சுற்று. முனிரத்தினம் பக்கத்தில் நின்று, அடிக்க வேண்டிய இடுக்கையெல்லாம் டார்ச் அடித்துக் காட்டினார். மூன்றாவது சுற்று முடிந்ததும் அவர் மனைவி எனக்குக் காபி கொடுத்தார். கோழிகளை அடி அண்ணாமலை அம்மாவே திரும்ப எடுத்துக்கொண்டார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. மௌனாவை யாரும் வெளியே அனுப்பச் சொல்லவில்லை.

இன்றும் உறவில் எந்த விசேஷம் என்றாலும், பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் சுமதி இந்தக் கதையை எடுத்துவிடுவாள். ஒவ்வொரு முறையும் கதை கொஞ்சம் வளர்கிறது. ஆறு கோழி பதினைந்தாகிவிட்டது. போன மாதம் செங்கத்தில் ஒரு வளைகாப்பில், கோழி ஒன்று அலுவலகம் வரை பின்னாலேயே வந்து என் அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டதாகச் சொன்னாள். கூட்டமே சிரித்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று, கோழி அலுவலகத்துக்கு வரவே இல்லை, இது சுத்தப் பொய் என்றேன்.

சுமதி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இவரு அப்டித்தாங்க சொல்லுவாரு" என்றாள் அவர்களிடம்.

எல்லோரும் அவளைத்தான் நம்பினார்கள்.