கடைசிக் கெனெலுக்காகப் பஸ்தியான் பொருத படலம்

வாழ்க பஸ்தியான் லெக்ரோ! குழாய் ஒழுகலை அடக்கும் ரப்பர் வளையங்களை நாடெங்கும் விற்றுத் திரியும் பெருவணிகன், மாதிரிப்பெட்டி தாங்கிய மணித்தோளன், பாரிஸ் மாநகர் ஈன்ற பசித்த வேங்கை! அவன் புகழைப் பாட எங்கள் லியோன் நகரின் இரு நதிகளும் என் நாவுக்குத் துணை நிற்கட்டும்!

ஒன்பது ஆண்டுகளில் பதினொரு முறை வேலையாக இங்கே வந்தும், சாப்பாட்டுக்கென்றே பிறந்த எங்கள் ஊரில் அவ்வீரன் உண்டதெல்லாம் ரயிலடி ரொட்டியே. அவன் மனைவியின் அண்ணன் லூசியான் எங்கள் ஊர்க்காரர். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் சபையறியச் சிரிப்பார்: "லியோனுக்குப் போயி ஸ்டேஷன் ரொட்டி தின்னுட்டு வர்ற ஒரே ஆளு எங்க மாப்ளதான்!" இனிக் கூட்டங்களெல்லாம் கணினித் திரையில்தான் என்று கம்பெனி அறிவித்துவிட்டது. எனவே இந்தப் பன்னிரண்டாம் படையெடுப்பே கடைசிப் படையெடுப்பு.

ஆற்றுமீனை அரைத்து, வெண்ணெயும் முட்டையும் சேர்த்து உருட்டி, நன்னீர் இறால் குழம்பில் மூழ்கடிக்க, அடுப்பின் உள்ளே பொங்கித் ததும்பும் கெனெல் என்னும் அமுதம், மதாம் ஒதிலின் உணவகத்தில் அவனுக்காகக் காத்திருந்தது. ஆனால் இரண்டு மணி அடித்தால் அங்கே அடுப்பு அணைந்துவிடும். பிறகு அரசனே வந்தாலும் தண்ணீர்தான். கூட்டமோ ஒன்று நாற்பதுக்குத்தான் முடிந்தது. ரயில் மூன்று மணிக்கு.

எழுந்தான்! கைகுலுக்கல்களை வெட்டிச் சாய்த்தான்! பூர்வியேர் மலைமேல் வெள்ளைத் தேவாலயம் வெயிலில் சுடர்ந்தது, ஓடியபடியே பார்த்தான். சோன் நதியில் படகுகள் மிதந்தன, மூச்சிரைத்தபடியே பார்த்தான். பாலத்தின் நடுவில் நின்று, "இன்னைக்குக் கெனெல் திங்காம ரயில் ஏறமாட்டேன்!" என்று அவன் முழங்கிய சூளுரையில் வாத்துகள் சிதறிப் பறந்தன. மணி ஒன்று ஐம்பத்தேழுக்கு உணவகத்தின் கதவு அதிர, கழுத்துப்பட்டை கொடியெனப் பறக்க, உள்ளே பாய்ந்தான்.

"கெனெல்! ஒன்னு! சீக்கிரம்!"

கரண்டிகள் அசைவற்றன. மதாம் ஒதில், கல்லாவின் காவல்தெய்வம், அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"போன்ஜூர், மொஸ்யூ."

"கெனெல் இருக்கா இல்லையா?"

"போன்ஜூர், மொஸ்யூ," என்றார் மதாம், முன்னைவிட மெதுவாக.

ஐயகோ! கடைக்குள் கால் வைத்ததும் முதலில் 'போன்ஜூர்' என்று வணக்கம் சொல்லவேண்டும் என்பதை எங்கள் ஊர்ப் புறாக்கூட அறியும். பாரிஸ்காரனுக்கு அவசரம் வந்தால் அது மறந்துவிடும். காது கேளாத அம்மையார் போலும் என்றெண்ணி, மூன்றாம் முறை இன்னும் உரக்க, "கெ-னெல்!" என்று கர்ஜித்தான்.

அக்கணம் கதவு மெல்லத் திறந்தது. எண்பது வயது மதாம் பெர்னாத், நாய்க்குட்டியைக் கக்கத்தில் இடுக்கி, ஆமை வேகத்தில் நுழைந்தார். ஒதிலுக்கு ஒரு போன்ஜூர். சமையல்காரருக்கு ஒன்று. மேசைதோறும் ஒன்று. ஒதிலின் மூட்டுவலி தேவலையா என்ற விசாரிப்பு வேறு. கடிகாரம் பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்தது.

"கடைசியா ஒரு கெனெல் கெடக்கு, உக்காருங்க மதாம்," என்றார் ஒதில்.

பஸ்தியானின் தலைக்குள் அப்போதுதான் விளக்கெரிந்தது. மாதிரிப்பெட்டி கையிலிருந்து நழுவ, ரப்பர் வளையங்கள் திக்கெட்டும் உருண்டோட, உலகிலேயே மிகப் பணிவான குரலில் சொன்னான்: "போன்ஜூர், மதாம்."

சுவர்க் கடிகாரம் இரண்டடித்தது. உள்ளே அடுப்பு அணைந்தது.

"போன்ஜூர், மொஸ்யூ! வந்ததும் இதச் சொல்லியிருக்கக் கூடாதா? இருந்தது ஒன்னே ஒன்னு, உங்களுக்குத்தான் வச்சிருப்பேன்," என்றார் ஒதில், உண்மையான வருத்தத்தோடு.

பஸ்தியான் ரயில் நிலையத்துக்குப் போய், கடைக்காரரிடம் முதலில் போன்ஜூர் சொல்லிவிட்டு, ஒரு ஹாம் ரொட்டி வாங்கித் தின்றான்.