பழகக் கூடாத கண்ணாடி

இந்தப் புதுக் கண்ணாடி எனக்குப் பழகவே கூடாது என்று முடிவெடுத்தேன். ஊரில் எல்லோரும் கண் நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஜெபம் பண்ணுவார்கள். நான் தெரியக் கூடாது என்று பண்ணினேன்.

காரணம் என் மனைவி ஜெபராணி. விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கோயம்புத்தூரில் எங்கள் மகள் ஜெபிஷாவுக்கு இரண்டாவது பிரசவம். மூத்தவனுக்குப் பள்ளிக்கூடம் இருப்பதால் அவளால் இங்கே வர முடியாது. இவள் போனால் மூன்று மாதம். லீவும் சொல்லிவிட்டாள்.

"உங்க கண்ணாடி பழகட்டும். மறுநாளே கெளம்பிருவேன்."

நான் ரிட்டயர் ஆனவன். பகலில் அவள் டியூட்டிக்குப் போய்விட்டால் டிவியில் பேசுகிறவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். அதையே தாங்க முடியவில்லை. மூன்று மாதம் எப்படித் தாங்கும்?

புதுசைப் போட்டால் தரை சாய்கிறது என்று சொல்லப் போனபோது, வழி காட்டியவர் கண்ணாடிக்கடை பிராங்க்ளின்தான்.

"அண்ணாச்சி, உங்க கண்ணு கோணலாத்தான் காட்டுது. இத்தன வருசமா மூளை அதை நிமித்தி நிமித்திப் பழகிருச்சு. இப்பக் கண்ணாடி நேரா காட்டுது. மூளைக்கு அது தெரியாதுல்லா? பழைய ஞாபகத்துல இன்னும் நிமித்துது. அதான் தரை சாயுது. கழட்டாமப் போடுங்க, பழகிரும்."

"கழட்டிக் கழட்டிப் போட்டா?"

"அப்புறம் எங்கன பழக?"

அவர் கையைப் பிடித்து முத்தமிடலாம் போல இருந்தது.

பகலெல்லாம் பழைய கண்ணாடி. ஜெபராணி வரும் நேரத்துக்குப் புதுசு. தரை சாயும், வாசற்படி வளையும். நான் தடுமாறுவேன். அவள் கையைப் பிடித்து ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிப் போவாள். கல்யாணமான புதிதில்கூட அவள் தெருவில் என் கையைப் பிடித்ததில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது. நான் இன்னும் கொஞ்சம் தடுமாறினேன்.

ஒருநாள் காலை பழைய கண்ணாடியிலும் தரை சாய்ந்தது. மூளை குழம்பிவிட்டது, நல்லதுதான் என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் ஒரு வாரத்தில் பழசில் நேரானது. புதுசிலும் நேரானது! என்னைக் கேட்காமலே என் மூளை கட்சி மாறிவிட்டது. இனி நடிப்புதான்.

ஞாயிறு காலை, ஆராதனைக்குக் கிளம்பும் நேரம்.

"இன்னைக்கு எப்படிங்க இருக்கு?"

"வீடே சாயுது ஜெபா," என்று கையை நீட்டினேன்.

அவள் சேலை மடிப்பைச் சரி செய்துகொண்டிருந்தாள். சுவரில் இயேசுவின் நல்ல மேய்ப்பர் படம் லேசாகக் கோணியிருந்தது. நான் சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடித்தவன். நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று நேராக உட்கார வேண்டும். ஒரு மயிரிழை விலகினாலும் மத்தாப்புப் பெட்டியில் இருக்கிற பாப்பாவுக்கு மூக்கு இரண்டாகிவிடும். கோணலைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. போய் நிமிர்த்தியது.

"எம்புட்டுக் கோணியிருந்துச்சு?"

"ஒரு நூலு இருக்கும்," என்றேன் பெருமையாக.

"வீடே சாயுதுன்னீக. இந்த ஒரு நூலு மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சு?"

படத்திலிருந்து கையை எடுத்தேன்.

"நான்தான் சாய்ச்சு வச்சேன். உங்க மூக்குல ரெண்டு தடம் இருந்துச்சு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ஒரு மூக்குக்கு எதுக்கு ரெண்டு கண்ணாடின்னு தேடுனேன். லேபிள் சாம்பிள் பெட்டிக்குள்ள பழசு இருந்துச்சு. பிராங்க்ளின்ட்டக் குடுத்து அதுலயும் புதுப் பவரையே மாட்டிட்டேன். பகலெல்லாம் நீங்க போட்டுப் பழகுனது அதைத்தான்."

"தனியா இருக்க முடியல ஜெபா," என்றேன். இனிப் பொய் எதுவும் கைவசம் இல்லை.

"பிள்ள வலியோட கெடக்குமேங்க," என்றாள். ஆராதனை முடிந்து வந்ததும் அவள் பெட்டியைப் பரணிலிருந்து நானே இறக்கினேன்.

மறுநாள் ரயிலேற்றிவிட்டு வந்தேன். யார் கையும் பிடிக்காமல் நேராக நடந்தேன். காலையில் கடைசியாகக் கதவைப் பூட்டியது அவள். திறந்தால், நல்ல மேய்ப்பர் கோணல். காலண்டர் கோணல். பேரன் போட்டோ கோணல். வீட்டில் ஆணியில் தொங்குகிற ஒன்றுகூட நேராக இல்லை.

போன் போட்டேன். "என்ன வேலை இது ஜெபா?"

"உங்களுக்குப் பொழுது போகணும்ல?"

வைத்துவிட்டாள். ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். மத்தியானம்கூட ஆகவில்லை, கடைசிப் படத்துக்கு வந்துவிட்டேன். எங்கள் கல்யாணப் போட்டோ. அதை மட்டும் நாளைக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.