ஐஸ் பெட்டிக்குள் ஐந்து முதுகு

டைனோசரை முதுகுப் பக்கமாகப் பிளந்து, உப்புப் போட்டு, தென்னோலைக் கிடுகில் காயவைத்த பெண் இந்த உலகத்தில் ஒருத்திதான். அவர் எங்கள் ஐஸ் பெட்டி ராத்தா. எங்கள் பக்கம் அக்காவை ராத்தா என்போம். சொந்தப் பெயர் ஏதோ இருந்திருக்கும். கற்பிட்டிப் பக்கத்துக் கடற்கரையில், கருவாடு போடுகிற வாடியில் அவரோடு பதினொரு வருடம் மீன் வெட்டினேன். அந்தப் பெயரால் யாரும் கூப்பிட்டு நான் கேட்கவில்லை. நாங்களெல்லாம் பலகையில் குந்தியிருந்து வெட்ட, அவர் மட்டும் ஐஸ் போட்டு மீன் வருகிற, பாரமில்லாத வெள்ளை நுரை ரெஜிபோம் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் ராணி மாதிரி இருப்பார். முதலாளி வந்தாலும் எழும்ப மாட்டார்.

நாட்டில் சண்டை முடிந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். ராத்தா சந்தையில் மலிவாக ஒரு கட்டில் விரிப்பு வாங்கினார். அதில் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் டைனோசர். ஒரு மாதம் அதில் படுத்து எழும்பியதில் மனுசிக்கு ஏதோ ஆகிவிட்டது. ஒருநாள் கட்டா மீனை வெட்டிக்கொண்டே கேட்டார்:

"ஐஸ் போட்டா மீன் பழுதாகுறல்ல. அப்ப மீனுக்கு நேரம் நிக்கிது தானே?"

ஓம் என்றோம்.

"இன்னும் கூடப் போட்டா நேரம் பின்னுக்குப் போகும் தானே?"

படித்தவர்கள் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் மறுத்திருப்பார்கள். எங்களில் ஆகக் கூடப் படித்தவள் ஐந்தாம் வகுப்பு. நான் மூன்று. ஆகவே அந்த விஞ்ஞானம் எங்கள் வாடியில் அன்றைக்கே உறுதியாகிவிட்டது.

அடுத்த கிழமை ராத்தா ஒரு புத்தகத்தோடு வந்தார். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கீறி, வலை நூலால் தைத்த எட்டுப் பக்கப் படக்கதை. வாடிப் பெண்கள் ரெஜிபோம் பெட்டிக்குள் ஏறி, கழுத்துவரைக்கும் ஐஸ் போட்டு, மூடியை மூடிக்கொண்டு டைனோசர் காலத்துக்குப் போகிறார்கள். அங்கே ஒரு மிருகம் நிற்கிறது. வால் இந்தக் கரையில் குறிஞ்சிப்பிட்டியில், தலை மைல்கணக்கில் தள்ளி உச்சமுனையில். போனவர்கள் பயந்து ஓடவில்லை. இவ்வளவு இறைச்சி பழுதாகப் போகிறதே என்று கத்தியை எடுக்கிறார்கள்.

டைனோசர் காலம்வரைக்கும் பின்னுக்குப் போக ஏலுமென்றால், இருபது வருடத்துக்கு முன் மன்னாரில் விட்டுவிட்டு வந்த வீட்டுக்கே போயிருக்கலாமே என்று ஒருத்தி கேட்டாள். ராத்தா தொண்ணூறாம் ஆண்டில் முஸ்லிம்களை அங்கிருந்து விரட்டியபோது கையில் ஒரு பையோடு வந்தவர். "அவ்வளவு கிட்டப் போறதுக்கு எவ்வளவு ஐஸ் எண்டு எனக்குத் தெரியா புள்ள. கொஞ்சம் கூடினாலும் டைனோசர்தான் வரும்" என்றார். பிறகு யாரும் அதைக் கேட்கவில்லை.

அந்தப் புத்தகத்தில் ஒரு விசேசம். யாருக்கும் முகம் இல்லை. உருவம் கீறியவர்களிடம் மறுமையில் அதற்கு உயிர் கொடுக்கச் சொல்லிக் கேட்பார்கள் என்று ராத்தாவுக்குப் பயம். "மனுசருக்கெண்டாலும் பரவாயில்ல. இந்தப் பெரிய மிருகத்துக்கு நான் எங்க போய் உயிர் எடுக்கிற?" என்பார். முகம் கீறாவிட்டால் குற்றமில்லை என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லி, எல்லாரையும் பின்பக்கமாகவே கீறிவிட்டார். டைனோசரும் எங்களுக்கு முதுகு காட்டித்தான் நின்றது.

முதுகாக இருந்தாலும் ஆளை அடையாளம் தெரியும். பெட்டியில் முன்னுக்கு, கத்தியோடு இருந்தவள் ஹினாயா. அவளுடைய முதுகை யாரும் மாற்றிச் சொல்ல முடியாது. வாடியில் அரைவாசி அதுதான். முதல் வெட்டும் அவளுக்கே. அவள் அந்தப் படத்தை ஐஸ் லொறிக்காரனுக்குக் காட்டினாள், உப்புக் கொண்டுவருகிறவனுக்குக் காட்டினாள், கருவாடு வாங்க வந்த சிங்கள மனுசிக்கும் சிங்களத்தில் விளக்கினாள்.

எனக்கு வயிறு எரிந்தது. ராத்தாவோடு சேர்த்து நாங்கள் ஆறு பேர். பெட்டிக்குள் ஐந்து முதுகு. அதில் ஒன்று நானாக இருக்காதா என்று வீட்டில் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் கழுத்து சுளுக்கும்வரை திரும்பிப் பார்த்தேன். தன் முதுகை யார் கண்டது? ஒன்றும் பொருந்தவில்லை. ராத்தாவிடம் கேட்டிருக்கலாம். ஆனால் முதலாளியிடம் புதுக் கத்தி கேட்கவே மூன்று நாள் எடுக்கிறவள் நான்.

ஒருநாள் எல்லாரும் நடுப்பகல் லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யப் போனார்கள். நான் காகம் விரட்டுகிறேன் என்று பின்தங்கி, புத்தகத்தை எடுத்தேன். கடைசிப் படத்தில் டைனோசரின் வால் கிடுகில் காய்கிறது, பெண்கள் சுற்றி நிற்கிறார்கள். ஓரத்தில் என்னைக் கீறினேன். எனக்கு முதுகு கீறத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பழகியது ஒன்றுதான்: ஒரு வட்டம், இரண்டு கண், ஒரு மூக்கு, சிரிக்கிற வாய்.

பின்னேரமே பிடிபட்டேன். ஹினாயாதான் கண்டாள்.

"ராத்தா, இங்க பாருங்க. எல்லாரும் வாலப் பாத்துக்கிட்டு நிக்க, ஒருத்தி மட்டும் எங்களப் பாத்துப் பல்லக் காட்டுறா."

வாடியே சிரித்தது. யார் செய்தது என்று விசாரிக்கத் தேவையிருக்கவில்லை. நான் ஒரே மீனை மூன்றாம் தரமாக வெட்டிக்கொண்டிருந்தேன். ராத்தா பெட்டியிலிருந்து எழும்பி வந்து என் பலகைக்குப் பக்கத்தில் குந்தினார்.

"உன்ன விட்டுட்டன் எண்டு கவலையா புள்ள?"

நான் வெட்டின மீனையே திரும்பவும் புரட்டினேன்.

"ரெஜிபோம் பெட்டிய உள்ளுக்கிருந்து துறக்க ஏலுமா?"

"ஏலாது."

"அப்ப வெளிய ஒராள் நிண்டு மூடியத் துறக்கணும் தானே. ஹினாயாவ விட்டா கதைச்சிக்கிட்டே மறந்துருவா, நாங்க உள்ளுக்க விறைச்சிக் கிடக்கிறதா? நீ நிக்கிற எண்டுதான் நான் ஏறினன்."

அந்த நிமிசத்தில் சோடித்த கதையோ, முதலிலேயே நினைத்திருந்தாரோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது. என் முகத்தை அவர் அழிக்கவும் இல்லை. ஹினாயா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. என்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டது என் ஆயுளிலேயே அந்த இரண்டு நாள்தான். நன்றாக இருந்தது.

அடுத்த வருடம் ராத்தா பிள்ளைகளோடு மன்னாருக்கே திரும்பிப் போனார். சொந்த மண், சந்தோசப்படத்தான் வேண்டும். அங்கேயும் ஏதோ ஒரு வாடியில் மீன் வெட்டுகிறாராம். அவருக்குப் பக்கத்துப் பலகையில் இப்போது யாரோ ஒருத்தி இருப்பாள். அவள் பெயர் தெரியாது, முகம் தெரியாது. இருந்தாலும் அவளை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.