மாப்பிள்ளையின் நெம்புகம்பி

"நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்கள்லாம் போய் வேலையைப் பாருங்க" என்று குளியலறைக்குள்ளிருந்து மாமனார் சொன்னது பல் டாக்டரின் காதில் தெளிவாகவே விழுந்தது. அவர்தான் அதை நம்பவில்லை. அவருடைய நாற்காலியைப் பார்த்த மாத்திரத்தில் "வலி போயிடுச்சு டாக்டர்" என்று செருப்பைத் தேடியவர்கள் எத்தனை பேர். அவதிப்படுகிறவன் வாக்குமூலத்தை நம்பினால் தொழில் நடக்குமா?

"எவ்வளவு நேரமா உள்ளேயே இருக்காரு. தாழ்ப்பாள் சிக்கிக்கிச்சு. நாம பயந்துடுவோம்னு மறைக்கிறாரு" என்றார்.

மாமியார் கையைப் பிசைந்தார். டாக்டரின் மனைவி, "அப்பா மெதுவா வருவாருங்க, விடுங்க" என்றாள்.

விடுவதாவது. டாக்டர் கால்சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தார்.

விரல் நீளத்தில் ஒரு குட்டி நெம்புகம்பி. ஒரு முனை தட்டை. மறுமுனை வளைந்து, நடுவில் பிளந்து, ஆணி பிடுங்க வாகாக இருக்கும். அதை வாங்கிய நாளிலிருந்து அவருக்குக் குடும்பத்தில் மரியாதை தேய்ந்துகொண்டே வந்தது. ஓட்டை விழுந்த பைகளைத் தைத்துத் தைத்து மனைவிக்கு அலுத்துவிட்டது. மாமனார் வீட்டுக்கு வந்து இறங்கியதுமே மைத்துனன், "அத்தான், தினமும் இதைத் தூக்கிட்டு அலையற அளவுக்கு அப்படி என்னதான் வேலை வருது?" என்று கேட்டுச் சிரித்தான்.

சும்மா விடக்கூடிய கேள்வியா அது? பெயின்ட் டப்பா மூடி, பார்சல் பெட்டி, மழைக்கு உப்பிய ஜன்னல் என்று காலைக் காப்பியோடு ஆரம்பித்த டாக்டர், மத்தியானம் வரை பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி சமையலறைக்கு நழுவினாள். மைத்துனன் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். மாமனார் ஒருவர்தான் எதிர்ப்பேச்சுப் பேசாமல் தலையாட்டிக் கேட்டார். அப்படிப்பட்ட மனுஷனுக்கா இந்தக் கதி?

"மாமா, கதவை விட்டுத் தள்ளி நில்லுங்க."

"வேண்டாம் மாப்பிள்ளை. நீங்க போய்ச் சாப்பிடுங்க."

தட்டை முனையைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே செருகி ஓர் அழுத்து அழுத்தினார். மரம் முனகியது. "அசைஞ்சு கொடுக்குது" என்றார், கடைவாய்ப் பல்லைச் சொல்வதுபோல. இன்னோர் அழுத்து. நிலையில் ஒரு மரச்சிம்பு பிளந்து தெறித்தது. உள்ளே ஏதோ இரும்பு வளைகிற சத்தம் கேட்டது.

"அப்பா, இப்பத் தாழை நீக்கிப் பாருங்க" என்றாள் மகள்.

உள்ளே கொஞ்ச நேரம் மல்லுக்கட்டும் சத்தம். பிறகு மாமனாரின் குரல் வேறு சுருதியில் வந்தது. "இப்ப நிஜமாவே வரலையேம்மா."

"பார்த்தியா?" என்று டாக்டர் மனைவி பக்கம் திரும்பினார். "இப்பத்தான் உண்மையைச் சொல்ல வாயைத் திறக்கறாரு."

அடுத்து கீல். மேல் கீலை நெம்பியதும் அது ஆணிகளோடு கழன்று வந்தது. கதவு ஒரு பக்கம் சரிந்து, கீழ்முனை தரையில் குத்தி, கள்ளிச்செடிபோல ஊன்றிக்கொண்டது. தாழ்ப்பாள் திறந்தாலும் இனிக் கதவு திறக்காது.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்த மைத்துனன் கதவைப் பார்த்தான். "அத்தான், தச்சரைக் கூப்பிடறேன்."

டாக்டருக்குச் சுருக்கென்றது. "பொழுதன்னிக்கும் பல்லைப் பிடுங்கறவன் நான். ஒரு கதவைப் பிடுங்கத் தெரியாதா எனக்கு? கூப்பிடு, யாரை வேணும்னாலும் கூப்பிடு. அவன் வர்றதுக்குள்ள உங்கப்பா வெளியே இருப்பாரு."

சொன்ன வேகத்தில் கொல்லைப்பக்கம் போய், ஸ்டூல் போட்டு ஏறி, குளியலறையின் சின்ன ஜன்னலை எட்டிப் பிடித்தார். ஜன்னலை ஒட்டி ஒரு தண்ணீர்க் குழாய் போனது. நெம்புகம்பிக்கு அண்டை கொடுக்க அதைவிட வசதியான இடம் கிடையாது. அழுத்தினார். ஜன்னல் அசையவில்லை. குழாய் அசைந்தது.

பீறிட்ட தண்ணீரில் பாதி டாக்டர் மேலும், பாதி ஜன்னல் வழியாக உள்ளேயும் பாய்ந்தது.

"மாப்பிள்ளை, தலையில தண்ணி கொட்டுது."

"தைரியமா இருங்க மாமா. நான் இருக்கேன்."

"அதான் தெரியுதே" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

மைத்துனன் ஓடிப்போய் மேல்தொட்டிக் குழாயை மூடினான். அதற்குள் தச்சர் வந்துவிட்டார். டாக்டர் மைத்துனனின் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு திரும்புவதற்குள், தச்சர் கதவருகே குந்தி உட்கார்ந்து உள்ளே இருப்பவரோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு, கீழ்க் கீலைக் கழற்றி, கதவை அலுங்காமல் சுவரில் சாய்த்திருந்தார்.

மாமனார் வெளியே வந்தார். வேட்டியும் பனியனும் சொட்டச் சொட்ட, யார் முகத்தையும் பார்க்காமல் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மாமியார் துண்டோடு ஓடினார்.

டாக்டரால் அடக்க முடியவில்லை. நன்றி என்று ஒரு வார்த்தை உண்டா? உலையில் கிடக்கிற அரிசிபோலக் கொதித்தார்.

"ஆளாளுக்குச் சிரிச்சீங்களே. முதல் நெம்பு நெம்பினது யாரு? நான். மத்தவங்க கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கைதானே பார்த்தீங்க? இவரு வந்து கடைசியில ரெண்டு திருகாணியைக் கழட்டினாரு, அவ்வளவுதான். என் பையில இது இல்லாமப் போயிருந்தா இன்னிக்கு மாமா கதி என்ன? இப்பச் சொல்லுங்க. தினமும் கையோட வச்சிருக்க வேண்டிய சாமானா, இல்லையா?"

மாமனார் துண்டால் முகத்தை மூடித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

பையில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்த தச்சர்தான் நிமிர்ந்தார்.

"எனக்குத் தெரியாதுங்க. நான் வந்து கதவைத் தட்டினதும் பெரியவர் உள்ளேயிருந்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு: 'மாப்பிள்ளை அந்தக் கம்பியைப் பத்திப் பேசி முடிச்சுட்டாராப்பா, நான் வெளியே வரலாமா?'"