யார் பேர் மேலே?

"தாய்மாமன் பேரைக் கீழ போட்டிருக்கீரு. சரி, மாலையையும் வேற யாரையாவது போடச் சொல்லும்" என்று சொல்லிவிட்டுப் பேச்சிமுத்து குடையை விரித்தார்.

தாணு தன் பாத்திரக் கடையிலிருந்து சாரலில் இறங்கி ஓடினார். "மச்சான், பத்திரிகை இன்னும் அடிக்கலை, அது வெறும் புரூப்தான். மாத்திரலாம்!"

"மாத்திட்டுச் சொல்லும் மாப்ளே. வாறதைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

வீரகேரளம்புதூர் பஸ் அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

தாணுவின் மகள் முத்துவடிவுக்கு ஆனிக் கடைசியில் கல்யாணம். தாய்மாமன் பேச்சிமுத்து மாலை போடாமல் பெண் மணவறைக்கு வர முடியாது. மேலகரத்தில் இருந்த அண்ணன் குற்றாலிங்கமோ தாணுவைத் தகப்பன் மாதிரி வளர்த்தவர். அவர் வராவிட்டால் தாணுவே மணவறையில் உட்கார மாட்டார். இந்த இருவர் பேரும் பத்திரிகையின் அடியில், 'தங்கள் வரவை எதிர்நோக்கும்' என்ற வரிக்குக் கீழே வரவேண்டும். அங்கேதான் சிக்கல். தாளில் ஒரு பேரை மேலே வைத்தால் இன்னொன்று கீழேதான் போகும்.

தாணு புரூப்பை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு மைதீன் பாயின் அச்சாபீசுக்கு நடந்தார்.

மற்ற அச்சாபீஸ்களில் பிள்ளையாரும் வாழைமரமும் போட்ட பிளாக் ஒன்று எப்போதும் தயாராக இருக்கும். பேரையும் தேதியையும் மாற்றினால் வேலை முடிந்தது. மைதீன் அப்படிச் செய்ய மாட்டார். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புதிதாகப் படம் வரைந்து, அதை மரக்கட்டையில் தானே செதுக்குவார். முத்துவடிவுக்காகக் குற்றாலத்துப் பேரருவியைச் செதுக்கியிருந்தார். பாறைக்கும் மரங்களுக்கும் கரும்பச்சை மை. அருவி விழும் இடத்தை மட்டும் கட்டையில் பள்ளமாகத் தோண்டி எடுத்துவிட்டார். பள்ளத்தில் மை ஒட்டாது அல்லவா? அந்த இடம் தாளில் வெள்ளையாகவே நிற்கும்.

"தண்ணிக்கு மை கிடையாது அண்ணாச்சி. காயிதந்தான் தண்ணி" என்பார் மைதீன். தன் வேலையை அவரே நாலு தடவை மெச்சிக்கொள்வார். பார்த்தவர்களுக்கு அது தப்பாகத் தோன்றாது.

சாரல் காலத்து ஈரத்தில் மை காயாது என்று மற்ற அச்சாபீஸ்காரர்கள் புலம்புவார்கள். மைதீனுக்கு அந்த ஈரமே வசதி. மை காய்வதற்குள் அதன்மேல் தங்கப் பொடியைத் தூவி, மிருதுவான பிரஷ்ஷால் தட்டிவிடுவார். மை உள்ள இடத்தில் மட்டும் பொடி பிடித்துக்கொள்ளும். மணமக்கள் பேர் குத்துவிளக்குப் போல மின்னும்.

"மேல கீழ வச்சாத்தான தகராறு? பக்கத்துல பக்கத்துல வச்சிருவோம்" என்றார் மைதீன்.

பத்திரிகையின் நடுவே அருவி இறங்கியது. இரு கரையிலும் ஒரே உயரத்தில் இரண்டு பேர்கள். தாணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. மேலகரத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார்.

குற்றாலிங்கம் புரூப்பை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "வலது பக்கம் யாரு?"

"மச்சான்."

"அப்ப நான் இடது பக்கமா?"

"இடதுலருந்துதான அண்ணே படிப்பாக? நீங்கதான் முதல்ல."

"படிக்கிறவன் எங்கன வேணும்னாலும் ஆரம்பிப்பான். நீ எந்தக் கையாலே சோறு திங்கே? நான் கல்யாணத்துக்கு வரலை. போ!"

வீட்டுக்கு வந்தால் மனைவி செண்பகவல்லி காத்திருந்தாள். "கல்யாணம் பொண்ணுக்கா, பத்திரிகைக்கா? ஊரெல்லாம் கேக்குது."

மைதீனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் வாடவில்லை. "அவுக கோவத்துல ஒரு நியாயம் இருக்கு அண்ணாச்சி. மேலயும் வேண்டாம், பக்கமும் வேண்டாம். வட்டமா வச்சிருவோம். வட்டத்துக்கு ஏது தொடக்கம்?"

சொல்வது எளிது. ஈய எழுத்து ஒவ்வொன்றும் சதுரமான சின்னத் தூண். தூண்களை வட்டமாக நிறுத்தினால் அடியில் ஒன்றையொன்று நெருக்கும், தலைப்பக்கம் விசிறி மாதிரி விரிந்து இடைவெளி விடும். காலால் மிதித்து ஓட்டும் அச்சு மெஷினிலோ எழுத்துச் சட்டம் நிமிர்ந்துதான் நிற்கும். ஓர் எழுத்து தளர்ந்தாலும் மொத்தமும் பொலபொலவென்று கொட்டிவிடும். மைதீன் ஈயத் தகட்டைக் கத்தரித்து, ஒருபக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த ஆப்புகளாகத் தேய்த்து, ஒவ்வோர் இடைவெளியிலும் செருகினார். பிறகு சட்டத்தைத் தூக்கி உலுக்கிக் காட்டினார். ஒரு புள்ளிகூட அசையவில்லை.

"எப்படி?" என்றார் மைதீன்.

"பாய், நீரு மனுசனே இல்ல" என்றார் தாணு.

சொந்தக்காரர்கள் எல்லார் பேரும் அருவியைச் சுற்றி மாலை கோத்தாற்போல நின்றன. தாணு வீரகேரளம்புதூருக்கு பஸ் ஏறினார்.

பேச்சிமுத்து புரூப்பை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "வட்டந்தான். ஆனா தாளுக்கு மேல்பக்கம்னு ஒண்ணு இருக்குல்லா? நட்ட நடு உச்சியில யாரு உக்காந்திருக்காக? உங்க அண்ணாச்சி. நான் எங்க கிடக்கேன்? காலடியில."

"மச்சான், யாராவது ஒருத்தர் உச்சியில வந்துதான ஆகணும்..."

"அப்ப அவுகளையே மாலை போடச் சொல்லும். அன்னைக்கு நான் திருச்செந்தூர் போறேன்."

ஆனி பாதி போயிருந்தது. இன்னமும் ஒரு வீட்டுக்குக்கூடப் பத்திரிகை வைக்கவில்லை. தாணு அச்சாபீசில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "பேரே இல்லாம அடிச்சிரும் பாய். நான் பொண்ணைக் கூட்டிட்டுக் கோயில்ல வச்சுத் தாலி கட்டச் சொல்லிருதேன்."

"உச்சிதான பிரச்சினை?" என்றார் மைதீன். கண்ணில் ஒரு வெளிச்சம். "உச்சியை நம்ம முடிவு பண்ணக் கூடாது. வாங்குதவுக முடிவு பண்ணட்டும்."

அவர் செய்தது இதுதான். பேர்கள் அச்சிட்ட வட்டத்தைத் தனி அட்டையாக வெட்டி, நடுவில் பெரிய துளை போட்டார். அந்தத் துளைக்குள் அடங்கும் சின்ன அட்டை வில்லை ஒன்றைப் பத்திரிகையில் ஒட்டி, பேர் வட்டத்தை அதன்மேல் மாட்டினார். வில்லையின் தலையில், துளையைவிடச் சற்றுப் பெரிய அருவிப் படத்தை மூடிபோல ஒட்டினார். அவ்வளவுதான். ஆணி இல்லை, கம்பி இல்லை. அருவியும் மணமக்கள் பேரும் முகூர்த்தமும் அசையாமல் நிற்க, சொந்தக்காரர்கள் மட்டும் சுற்றினார்கள். கட்டைவிரலால் தள்ளினால் போதும், வேண்டிய பேர் உச்சிக்கு வரும்.

தாணு தன் பேரைக் கீழே தள்ளி, மேலே ஏற்றி, மறுபடியும் கீழே தள்ளிப் பார்த்தார். வந்த காரியமே அவருக்கு மறந்துபோயிற்று.

அண்ணனையும் மச்சானையும் அச்சாபீசுக்கே வரவழைத்தார். இருவரும் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மைதீன் பத்திரிகையைக் குற்றாலிங்கத்தின் கையில் கொடுத்தார்.

அவர் ஒரு சுற்றுச் சுற்றினார். எதிர்ப்பக்கமாக ஒரு சுற்று. "அடடே" என்றார் தன்னை அறியாமல்.

"கொண்டாங்க இங்கன!" பேச்சிமுத்து எழுந்து வந்து பிடுங்கினார். அவரும் சுற்றினார். மூடியைத் தூக்கப் பார்த்தார், ஓரத்தை விரலால் தடவினார், கவிழ்த்துப் பார்த்தார்.

"என்ன குறை இருந்தாலும் இப்பவே சொல்லிருங்க" என்று கும்பிட்டார் தாணு.

இருவரும் வெகுநேரம் குறை தேடினார்கள்.

"சொல்லுததுக்கு ஒண்ணுமில்லியே" என்றார் குற்றாலிங்கம், ஏனோ வருத்தமாக.

"ஒண்ணுமே இல்லை" என்று பெருமூச்சு விட்டார் பேச்சிமுத்து.

பத்திரிகை ஊரைச் சுற்றியது. வாங்கிய சொந்தக்காரர்கள் எல்லாரும் வாசலிலேயே நின்று தங்கள் பேரை உச்சிக்குத் தள்ளிப் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணத்தன்று தாய்மாமன் மாலை போட்டார். அண்ணன் தம்பியின் கையைப் பிடித்து மணவறையில் உட்கார வைத்தார். தாலி ஏறிய பிறகு, அண்ணனும் மச்சானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்த தாணு, மைதீனைத் தேடி ஓடினார்.

"பாய், அண்ணனையும் மச்சானையும் நீரு பேச வச்சிட்டீரே!" என்று மைதீனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பன்னீர்ச் செம்போடு அந்தப் பக்கம் வந்த அண்ணன் மனைவி பிச்சம்மாள் சிரித்துவிட்டாள்.

"பேச வச்சாராக்கும்! ஒவ்வொரு புரூப்பையும் திருப்பி அனுப்பிட்டு ரெண்டு பேரும் எங்க வீட்டுலதான் கூடி உக்காருவாக, கொழுந்தனாரே: 'பாய் அடுத்தாப்ல என்ன பண்ணுதாருன்னு பாத்தே ஆகணும், போன தடவை நான் கோவிச்சுக்கிட்டேன், இந்தத் தடவை நீரு கோவிச்சுக்கிடும்'னு!"