மோட்டார் மாமாவும் துணி நாப்பியும்

புதுக்கோட்டை ஜில்லாவில் தண்ணீர் வீணாவதை எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் அளவுக்கு வெறுத்த மனிதர் இன்னொருவர் இருக்க முடியாது. மழை கொட்டினால் ஊரே சந்தோஷப்படும். அவர் மட்டும் வாசலில் நின்று சாக்கடையில் ஓடும் மழைநீரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். அவருக்கு அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால் எங்கள் தெருவில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பேந்தப் பேந்த விழிப்பார்கள். 'மோட்டார்' என்று கேட்டால் வீட்டுக்கே கூட்டி வந்து விட்டுவிட்டுப் போவார்கள்.

நார்த்தாமலைப் பக்கம் ஓர் ஊராட்சியில் குடிதண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டு விடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். பாறைக்காட்டு ஊர். கோடை வந்தால் பெண்கள் குடத்தோடு நின்று, குழாயைப் பார்க்காமல் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்களாம். வேலை முடிந்த பிறகும் அந்த முகங்கள் அவரை விடவில்லை. டவுனில் வீடு கட்டி, கீழே அவரும், நாங்கள் அத்தை என்று கூப்பிடும் அவர் மனைவியும் இருந்துகொண்டு, மாடியை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்.

அவருக்குக் காது ரொம்பக் கூர்மை. நாங்கள் மாடியில் குழாயைத் திறந்தால், பல் தேய்க்கிறோமா, பாத்திரம் கழுவுகிறோமா, சும்மா கையை நனைக்கிறோமா என்று கீழே நாற்காலியில் சாய்ந்தபடியே சொல்லிவிடுவார். அளவுக்கு மீறினால் ஸ்பேனரால் பைப்பில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் 'போதும்' என்று அர்த்தம். இரண்டு தட்டு என்றால் 'நான் மேலே வரவா?' என்று அர்த்தம். எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர் ஓஸ் போட்டு பைக் கழுவிய ஒரே குற்றத்துக்காகக் காலி செய்யச் சொல்லப்பட்டவர். நாங்கள் குடிவந்த அன்றே அத்தை காபி கொடுத்துக்கொண்டே இதைச் சிரித்த முகத்தோடு சொல்லிவைத்தார்.

இப்பேர்ப்பட்ட வீட்டுக்குத்தான் என் மனைவி செல்வி, அறந்தாங்கித் தாய்வீட்டிலிருந்து கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். பிள்ளைக்குக் கயல் என்று பெயர் வைத்திருந்தோம். அங்கே பிள்ளைக்கு இடுப்பில் கட்டுவதெல்லாம் துணி நாப்பிதான். துவைக்க ஆளும் இருந்தது, கிணறும் இருந்தது. இங்கே ஒரு நாளைக்கு எத்தனை துணி நனையும், அதை அலச எத்தனை வாளி ஆகும் என்று யோசித்ததுமே எனக்கு ஸ்பேனர் சத்தம் கேட்டது. பேசாமல் கடையில் விற்கிற, கட்டித் தூக்கியெறிகிற டயப்பரையே வாங்கிவிட்டேன்.

கயலுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. தொடையிடுக்கெல்லாம் சிவந்து, தோல் உரிந்து, இடுப்பைத் தொட்டாலே வீறிட்டாள். டாக்டர் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காற்றோட்டமாக விடுங்கள், மெல்லிய பருத்தித் துணி கட்டுங்கள், நனைந்த உடனே மாற்றுங்கள் என்றார். வீட்டுக்காரர் விஷயத்துக்கு அவரிடம் மருந்து இல்லை.

அதனால் களவாணித்தனமாகத் துவைக்க ஆரம்பித்தோம். சத்தம் வராமலிருக்க குழாயை நூல் மாதிரித் திறந்து, அடியில் துண்டைப் போட்டு வாளியை நிரப்புவோம். அலசிய துணிகளை வெளியே காயப்போட்டால் தெரிந்துவிடும் என்று சன்னலைச் சாத்திவிட்டு நாற்காலி முதுகு, கதவு, டிவி, பீரோ என்று கண்ட இடத்திலும் விரித்து ஃபேனைச் சுழலவிடுவோம். வீட்டுக்குள் நடக்க வேண்டுமென்றால் குனிந்துதான் நடக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கதவு தட்டப்பட்டது. திறந்தால் கையில் ஸ்பேனரோடு மோட்டார். குழாய் நூலாக ஓடிக்கொண்டே இருப்பதைக் கீழேயிருந்து கேட்டுவிட்டு, வாஷர் போய்விட்டதென்று மாற்றிக்கொடுக்க வந்திருக்கிறார். உள்ளே வந்தவர் தலையில் ஓர் ஈரத்துணி இடித்தது. அதை விலக்கினால் இன்னொன்று. எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தால் பாயில் கயல், ஒன்றும் கட்டாமல், சிவந்த தொடையோடு அழுதுகொண்டு கிடக்கிறாள்.

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். என்ன புண் இது என்று கேட்டார். செல்வி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.

"அதுக்கு எதுக்கும்மா சன்னலச் சாத்திக்கிட்டுத் தொவைக்கிறீங்க?"

அவர் ஸ்பேனரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்குப் பயந்தா?"

"அப்படியெல்லாம் இல்லைங்க மாமா" என்றேன். என் குரலைக் கேட்டால் அப்படித்தான் என்று யாருக்கும் தெரியும். அவர் எழுந்து படியிறங்கிப் போனார். காலி செய்யச் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தோம். வேறு வீடு பார்ப்பதைப் பற்றிக்கூடப் பேசிவிட்டோம்.

மறுநாள் காலையில் வழக்கமான நேரத்தில் தண்ணீர் மோட்டார் ஓடியது. மத்தியானம் மறுபடியும் ஓடியது. தெருவில் அதுவரை நடந்திராத காரியம். எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து, கீழ்வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார். மோட்டாரோ மொட்டை மாடியில் புது நைலான் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுச் சட்டம் போட்டார்.

"புள்ளத் துணிக்குத் தண்ணி எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கங்க. ஒங்க துணிக்கு அளவு உண்டு."

அதோடு விட்டிருந்தால் அவர் சாதாரண நல்ல மனிதர். எந்தத் துணி கட்டுவது என்கிற பொறுப்பையும் அன்றே அவர் கையில் எடுத்துக்கொண்டார்.

முதலில் தன்னுடைய பழைய வேட்டியைக் கிழித்தார். பிறகு கடையில் டவல் துணி வாங்கிவந்தார். ஜவுளிக்கடையில் கேட்டு மல் துணி, நூல் சேலையில் மிஞ்சிய துண்டு, பனியன் துணி என்று ஒவ்வொன்றிலும் ஒரு முழம் சேர்த்தார். எல்லாவற்றையும் சதுரமாக வெட்டி வரிசையாக விரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி, எது உறிஞ்சுகிறது, எது ஒழுகவிடுகிறது என்று முட்டி போட்டுப் பார்ப்பார். சிந்தும் தண்ணீரெல்லாம் வாசலோரம் நின்ற வாழைக்குப் போகும்படி வாய்க்கால் வெட்டியிருந்தார். டவல் துணி நன்றாகக் குடித்தது. ஆனால் வெயிலில் காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைத்துவிட்டது. பனியன் துணி மெத்தென்று இருந்தது, இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்தது. ஒவ்வொன்றையும் அவர் தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். அந்த நேரத்தில் தபால்காரர் வந்தால் அத்தைதான் போய்ச் சமாதானம் சொல்ல வேண்டும்.

கட்டிப் பார்க்க ஆள் வேண்டுமே. பிள்ளையை வைத்துச் சோதிக்கச் செல்வி சம்மதிக்கவில்லை. மார்க்கெட்டில் தேடி, கயல் இடுப்பளவுக்கு ஒரு பூசணிக்காய் வாங்கிவந்தார். அதற்கு விதவிதமாக நாப்பி கட்டி, மேலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, மடியில் வைத்து ஆட்டி, கவிழ்த்து, தட்டிக்கொடுத்துப் பார்த்தார். சோதனைகள் முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு ஒரு கிண்ணம் பூசணிக்காய்க் கூட்டு வந்தது. செல்வி மரியாதையாக வாங்கிவைத்தாள். நாங்கள் சாப்பிடவில்லை.

கடைசியில் அவர் கண்டுபிடித்தது, புதுத்துணி எதுவும் ஆகாது, பலகாலம் கட்டித் துவைத்துப் பழகிய கைலிதான் உசத்தி என்பது. அதற்காக ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு கோட்டைப்பட்டினத்துக்கு பஸ் ஏறினார். அங்கே காதர் என்று அவருடைய பழைய சிநேகிதர், விசைப்படகு வைத்திருப்பவர், வீட்டிலுள்ள பழைய கைலிகளையெல்லாம் துவைத்து மடித்து வைத்திருந்தார். நூல் நூலாகத் தேய்ந்து வெண்ணெய் மாதிரி இருந்தன. காதர் ஒவ்வொரு கைலியையும் எடுத்துக் கொடுக்கும்போது, இது மூத்தவன் கல்யாணத்துக்கு எடுத்தது, இது கட்டிக்கொண்டு புயலில் மாட்டினேன் என்று வரலாறு சொன்னார்.

"யாருக்கு மச்சான், பேத்திக்கா?" என்று கேட்டார்.

மோட்டாருக்குப் பேத்தி கிடையாது. ஒரு பேரன் உண்டு. மகள் துபாயில் இருக்கிறாள், பிள்ளை அங்கேயே பிறந்தது. இவர் முதன்முதலாக அவனைத் தூக்கியபோதே அவன் பேன்ட் போட்டிருந்தான். அதுவரைக்கும் போனில் பார்த்ததுதான்.

"ஆமா, பேத்திக்குத்தான்" என்றார் மோட்டார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பவில்லை. நானும் கடல் பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்கள் மூட்டை கருவாட்டு வாடை அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்ன மீன் என்று கேட்டார். "குழந்தைத் துணி" என்று மோட்டார் பெருமையாகப் பதில் சொன்னதும் அவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார். வாடை போகும்வரை அந்தக் கைலிகளைத் துவைத்துத் துவைத்து, ஒரு மாதம் எங்கள் வாழை செழித்தது.

கயலின் புண் ஆறியது. கைலித் துணி அவள் இடுப்பில் இருப்பதே தெரியாமல் இருந்தது. இதற்குள் செல்வியின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து, துவைத்துக் கட்டுகிற புதுமாதிரி நாப்பி சில வாங்கி வந்தார். வெளியே வழவழப்பு, உள்ளே பஞ்சு மாதிரித் துணித்திண்டு, இடுப்பைக் கூட்டிக் குறைக்கப் பட்டன்கள். மோட்டார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாளியில் முக்கினார், தண்ணீரை உள்ளே ஊற்றித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். ஒரு சொட்டும் வரவில்லை. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. காற்று போகாது, திண்டு காய ஒன்றரை நாள் ஆகும் என்று குறை சொல்லி ஓரமாக வைத்தார்.

அடுத்து காதுகுத்து வந்தது. நார்த்தாமலைப் பக்கத்தில்தான் எங்கள் குலசாமி கோயில். தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்த வேண்டும். அண்ணன் தன் நாப்பியைக் கட்டச் சொன்னார். மோட்டார் விடவில்லை. அன்று காலையில் அவரே கைலித் துணியை மூன்று மடிப்பாக மடித்து, ஓரத்தில் இன்னொரு மடிப்புக் கொடுத்து, தானே கண்டுபிடித்த ஒரு முடிச்சைப் போட்டுக் கட்டினார்.

"நான் பொறுப்பு மாப்ள. ஒரு சொட்டு வெளிய வராது" என்று அண்ணனிடம் உறுதி சொன்னார்.

அண்ணன் பட்டுவேட்டி கட்டி, சரிகை தெரிய உட்கார்ந்தார். ஆசாரி முதல் காதில் ஊசியை வைத்ததும் கயல் வீறிட்டுக் காலை உதைத்தாள். முடிச்சு நெகிழ்ந்தது. இரண்டாவது காதில் குத்தும்போது அண்ணன் முகம் மாறியதைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது. பட்டுவேட்டியின் சரிகைவரை ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அண்ணனுக்குக் கோபம். செல்விக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மோட்டார் முன்னால் வந்து, "கட்டுனது நாந்தான். தப்பு என்னுது" என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். அண்ணனைக் கோயிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய், தான் கட்டியிருந்த வெள்ளை வேட்டியை அவிழ்த்து அவருக்குக் கொடுத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்தார். சாப்பாடு முடியும்வரை அந்தத் துண்டோடுதான் பந்தி பரிமாறினார். அண்ணனுக்கு இரண்டு முறை பாயசம் ஊற்றினார். மூன்றாவது முறை அண்ணனே சிரித்துவிட்டார்.

பூசணிக்காயில் எல்லாம் சரியாக இருந்ததே என்று வேன் ஏறும்போதுதான் அவர் புலம்பினார். அத்தை சன்னல் பக்கம் பார்த்தபடி பதில் சொன்னார்.

"பூசணிக்கா காலை ஒதைக்காதுல்ல."

திரும்பி வருகிற வழியெல்லாம் கயல் சிங்கப்பூர் நாப்பியோடு அவர் மடியில்தான் தூங்கினாள். வீட்டுக்கு வந்து, கழற்றிய நாப்பியைப் பிழிந்து பார்த்தவர், இன்னொரு முறையும் பிழிந்து பார்த்தார். பிறகு, வெளியே போனால் இது, வீட்டில் இருந்தால் கைலி என்று தீர்ப்புச் சொன்னார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அதுதான் நடைமுறை. தினமும் காலையில் மாடிக்கு வந்து காய்ந்த துணிகளை எடுத்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து, மடித்து அடுக்கிவைத்துவிட்டுப் போவார். கயல் தவழ்ந்தாள், நடந்தாள். அவர் மடிப்பை மாற்றினார், முடிச்சை இறுக்கினார்.

பிறகு ஒருநாள் கயல் தானாகவே செல்வியின் கையைப் பிடித்து இழுத்துப் பாத்ரூமைக் காட்டினாள். அந்த வாரத்திலேயே சுத்தமாகப் பழகிவிட்டாள். அறந்தாங்கியில் சொன்னபோது எல்லோருக்கும் சந்தோஷம். கீழே போய்ச் சொன்னேன். மோட்டார் முகம் வாடிவிட்டது.

"ராத்திரிக்கு மட்டுமாவது ஒண்ணு கட்டலாம்ல?" என்றார்.

தேவைப்படவில்லை என்றேன். அவர் தலையாட்டினார். அதற்கப்புறம் மாடிப்பக்கமே வரவில்லை. காலையில் பேப்பரைப் பிரித்துவைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். அந்தப் பக்கத்தை அவர் திருப்பி நாங்கள் பார்க்கவில்லை. செல்விக்குப் பொறுக்கவில்லை. கீழே இறங்கிப்போய், ஏன் மேலே வருவதில்லை என்று கேட்டாள்.

"இனி அங்கிட்டு எனக்கு என்னம்மா சோலி?"

"புள்ள ஒங்களத் தேடுதுங்க மாமா" என்றாள் செல்வி.

அவ்வளவுதான். சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு, செருப்பில் ஒன்றைப் படியிலேயே விட்டுவிட்டு அவசர அவசரமாக மேலே வந்தார்.

கயல் அப்போது கட்டிலில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தேடியது நாங்கள்தான்.