ஹெப்சி வேலையை விட்டுவிடப் போகிறாள்

பிரவின்ராஜிடம் இருந்த ஒரே பெரிய சொத்து அவனுடைய சோகம்தான். காவலூரில் சாமை தீட்டுகிற மில் ஒன்றும் அவனுக்கு இருந்தது. ஆனால் மில்லைவிடச் சோகத்தில்தான் வரும்படி அதிகம்.

பெண்டாட்டி ஹெப்சி விமானப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டுகிறாள். எங்கோ வடக்கே, பனிமலைக்கு மேலே. எப்போதாவது லீவில் வருவாள். மற்ற நாளெல்லாம் இவனும் ஆறு வயசுப் பாப்பாவும்தான். "அவ வானத்துல, நான் அடுப்பங்கரைல. இன்னா பண்றது, நம்ம தலையெழுத்து" என்று ஒரு பெருமூச்சு விட்டால் போதும், பக்கத்து வீட்டு கோகிலவாணி அக்கா குழம்பைக் கிண்ணத்தோடு கொண்டுவந்து வைத்துவிடுவாள். சபையில் கோயில் பெருக்குகிற முறையிலிருந்து பாதிரி ஐயரே இவன் பெயரை எடுத்துவிட்டார். கலசப்பாக்கத்திலிருந்து மாமியார் அன்னாள் பஸ்ஸில் நாட்டுக்கோழி முட்டை ஏற்றி அனுப்புவார்.

உள்ளபடி சொன்னால், ஆள் சுகமாக இருந்தான். ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டால் ஏனென்று கேட்க யாருமில்லை. அப்பனும் மகளும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போண்டா தின்பார்கள். பாப்பா ஜோடி சேராத செருப்போடு பள்ளிக்கூடம் போனால், மறுநாள் மிச்சமிருக்கிற ஜோடி சேராத இரண்டையும் போட்டுவிட்டுக் கணக்கைச் சரிசெய்துவிடுவான்.

இந்தச் சொத்தில்தான் அந்த வியாழக்கிழமை தீப்பிடித்தது.

லீவில் வந்திருந்த ஹெப்சி வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். "ஏங்க, நான் வேலைய வுட்டுடலாம்னு இருக்கேன்."

"எந்த வேலைய? வெங்காயத்தையா? குடு, நான் உரிக்கறேன்."

"ஹெலிகாப்டர. இந்த வருசத்தோட என் காலம் முடியுது. இன்னும் கொஞ்ச வருசம் இருக்கேன்னும் சொல்லலாம், போறேன்னும் சொல்லலாம். திங்கக்கெழம காலைல பதில் குடுக்கணும். என்கூட சேர்ந்தவங்க பாதிப் பேரு கெளம்பிட்டாங்க. நானும் வந்துடறேன்."

"வந்து?"

"வந்து இன்னா? உங்களோட இருக்கப் போறேன். நீங்க பட்ட கஷ்டமெல்லாம் போதும்."

பிரவின்ராஜ் உரித்த வெங்காயத்தையே எடுத்து மறுபடி உரித்தான்.

"இன்னாங்க, சந்தோசமா இல்லியா?"

"இல்லாம இன்னா! சந்தோசத்துலதான் தொண்ட அடைக்குது."

"பாவம்" என்று அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள் ஹெப்சி.

மறுநாள் கோழி கூவுவதற்குள் ராஜ்ஜியம் மாறியது. ஈரத்துண்டு கொடிக்குப் போனது. போண்டா நாடு கடத்தப்பட்டது. மில்லைப் போடப் போனால், "இருங்க" என்று தடுத்துவிட்டு, மிஷினை ஒரு சுற்று சுற்றி வந்தாள். பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டினாள். தளர்ந்து கிடந்ததையெல்லாம் முடுக்கினாள். சாமை மூட்டையோடு நெல்லிவாசலிலிருந்து வந்திருந்த மாதையன் இதைப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, இத்தினி நாளு எங்க உசுரு உன் மிஷினுக்குப் பக்கத்துலதான் குந்தினு இருந்துச்சா?" என்று கேட்டார்.

பத்து மணிக்கு அடுப்படியில் நின்று ஹெப்சி சத்தமாகச் சொன்னாள். "வூட்ட நான் எடுத்துட்டேன். நீங்க குடுத்துட்டேன்னு சொல்லுங்க."

"எதுக்கு?"

"ஹெலிகாப்டர்ல ரெண்டு பேரு குந்தியிருப்போம். ஓட்டறது ஒருத்தர்தான். கை மாறும்போது ஒருத்தர் எடுத்துட்டேன்னும் ஒருத்தர் குடுத்துட்டேன்னும் வாய்வுட்டுச் சொல்லணும். சொல்லலன்னா யாரு ஓட்டறாங்கன்னு தெரியாம மலைல போய் முட்டிக்குவோம்."

பிரவின்ராஜ் இருமினான். இன்னொரு தரம் இருமினான்.

"அப்புறமா சொல்றேனே."

"முட்டறதுக்கு அப்புறமாவா?"

அவன் சொல்லவில்லை. அவளும் விடவில்லை. ஒவ்வொரு தரம் குறுக்கே வரும்போதும், "ம்?" என்று புருவத்தைத் தூக்கிக் கேட்டாள். அவன் மில்லுக்கும் கொல்லைக்குமாகப் பதுங்கிப் பதுங்கி நடந்தான்.

அன்று சாயங்காலம்தான் அது நடந்தது. இருவரும் வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மலைக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர் போனது. தெருவே அண்ணாந்து பார்த்தது. பாப்பா துள்ளித் துள்ளிக் கையாட்டினாள். ஹெப்சி மட்டும் நிமிரவில்லை. ஆனால் கத்தி பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. சத்தம் தேய்ந்து, காட்டுக்குள் போய், முழுசாக அடங்கிய பிறகுதான் அவள் அடுத்த புளியைக் கையில் எடுத்தாள்.

அவள் பார்த்திருந்தால் அவனுக்கு அவ்வளவு உறுத்தியிருக்காது.

பிரவின்ராஜுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. போண்டாவும் துண்டும் போனால் போகட்டும். தான் சும்மா விட்ட மூச்சுக்காக இவள் இறக்கையை ஒடித்துக்கொள்வதா? திங்கள் காலை நெருங்கிக்கொண்டிருந்தது. 'நடிச்சேன்' என்று சொல்ல வாய் வரவில்லை. சரி, செய்து காட்டிவிடலாம் என்று தீர்மானித்தான். கஷ்டமே இல்லை என்று கண்ணாலேயே பார்த்தால் அவளே மனசு மாறிவிடுவாள் அல்லவா?

சனிக்கிழமை அவனே எழுந்து சாமைப் பொங்கல் வைத்தான். பாப்பாவுக்கு இரட்டைப் பின்னல் போட்டான். பின்னல் இரண்டும் ஒரே பக்கம் விழுந்தன, இருந்தாலும் பின்னல்தான். விசிலடித்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தான்.

"பாத்தியா ஹெப்சி? எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. நீ நிம்மதியா போய் ஓட்டு."

ஹெப்சி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எனக்காக எப்படியெல்லாம் மறைக்கறீங்க! இதப் பாத்த அப்புறம் நான் போவனா?"

"மறைக்கலடி!"

"அம்மா அப்பவே சொன்னாங்க, மாப்ள வெளிய காட்டிக்க மாட்டாருன்னு. காலம் முடிஞ்சதும் வந்துடணும்னு வாக்கு வாங்கினுதான் அம்மா என்னைப் படைக்கே அனுப்பினாங்க. இப்ப நீங்க போன்ல அழுததையும் கேட்டுட்டு ஒரே புடியா நிக்கறாங்க. அவங்களா வாயத் தொறந்து போன்னு சொன்னாத்தான் உண்டு. சொல்லுவாங்களா?"

"எங்க சொல்லப் போறாங்க!"

"அதான். நாளைக்கு இங்கதான் வர்றாங்க" என்று சொல்லிவிட்டு ஹெப்சி துணி துவைக்கப் போய்விட்டாள்.

மாமியாரோடு மோதுவதா? கலசப்பாக்கத்தில் அரிசி மண்டி நடத்துகிறவர் அன்னாள். லாரிக்காரர்களே அவரிடம் பேசும்போது பீடியை அணைத்துவிடுவார்கள். ஆனாலும் பிரவின்ராஜ் நெஞ்சை நிமிர்த்தினான். ஹெப்சிக்குத் தெரியாமல் தானே பேசி முடித்துவிடுவது என்று முடிவுகட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்ததும் அன்னாள் நாற்காலியில் உட்கார்ந்து அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, இப்படி எளச்சிட்டீங்க?"

"எளைக்கல அத்தே. பேன்ட் பத்தாம புதுசு தெச்சிருக்கேன்."

"கவலைல ஒடம்பு ஊதும்."

"கவல இல்ல அத்தே. நான் நல்லா இருக்கேன். ஹெப்சி வேலைய வுட வாணாம்."

"அவ சொல்லச் சொன்னாளா?"

"ஐயோ, அவளுக்கு எதுவுமே தெரியாது!"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"ஈஸ்டருக்கு போன்ல அழுதீங்களே?"

"வெங்காயம் அரிஞ்சினு இருந்தேன்."

"கிறிஸ்மஸுக்கு?"

"அதுவும் வெங்காயம்தான் அத்தே."

"ஏன் மாப்ள, நான் அரிசி மண்டி வச்சிருக்கேன். நீங்க வெங்காய மண்டி வச்சிருக்கீங்களா?"

விடிந்தால் திங்கள். இனிமேல் பசப்பிப் பயனில்லை. பிரவின்ராஜ் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"பொய் அத்தே. அழுதது, பெருமூச்சு வுட்டது, எல்லாம் பொய். மூச்சு வுட்டா முட்ட வருது, குழம்பு வருது. ருசி கண்டுட்டேன். அதான் வுட்டுனே இருந்தேன்."

கண்ணைத் திறந்தான். வாசலில் கோகிலவாணி அக்கா குழம்புக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். இவனைப் பார்த்தாள். வந்த வழியே கிண்ணத்தோடு திரும்பிப் போய்விட்டாள்.

இனி இழக்க ஒன்றுமில்லை.

"முந்தாநாளு மேல ஹெலிகாப்டர் போச்சு அத்தே. ஊரே பாத்துச்சு. அவ பாக்கல. இங்கயே வந்துட்டா தெனைக்கும் அப்படித்தான் தலையக் குனிஞ்சினு குந்தியிருப்பா. என் பொய்யால அவ கீழ எறங்கிட்டா, நான் எந்த மூஞ்ச வச்சினு அவகூட வாழறது?"

அன்னாள் நாற்காலியை விட்டு எழுந்தார். பிரவின்ராஜ் அவருடைய செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அது அவர் காலிலேயே இருந்தது. அந்த மட்டில் நிம்மதி.

"ஹெப்சி! இங்க வாடி."

ஹெப்சி கரண்டியோடு வந்து நின்றாள்.

"இந்த ஆளுக்காகவா வேலைய வுடறேன்னு சொன்ன?"

"உங்களுக்குக் குடுத்த வாக்கு இருக்கேம்மா..."

"அத நான் வுட்டுட்டேன். நீ போய் ஓட்டு. அவங்க இருக்க வுடற வரைக்கும் இருந்து ஓட்டு. மாப்ளைக்கு ஒரு கொறையும் இல்ல, அவர் வாயாலயே சொல்லிட்டாரு."

"சரிம்மா. நீங்களே சொல்றப்ப நான் இன்னா பண்றது" என்று ஹெப்சி அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மாமியாரை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது பிரவின்ராஜ் தரையில் நடக்கவில்லை. மானம் போனது, முட்டை போனது. போகட்டுமே! அன்னாளையே பேசி வென்ற மருமகன் இந்த ஜவ்வாது மலையில் வேறு யார் இருக்கிறான்? பெண்டாட்டிக்குத் தெரியாமலே அவளுக்கு வானத்தை மீட்டுக் கொடுத்தாகிவிட்டது. அவள் வாயால் ஒரு பாராட்டு வாங்கலாம் என்று தேடிப் போனான்.

மில்லுக்குப் பின்னால், சிக்னல் கிடைக்கிற மேட்டில் நின்று ஹெப்சி போன் பேசிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் கலைவாணி. அவளும் அதே படையில் ஹெலிகாப்டர் ஓட்டுகிறவள். வேலையை விட்டுவிடச் சொல்லி அவளுடைய மாமியார் வேலூரில் பிடிவாதமாக இருந்தார்.

"எங்கம்மாகிட்ட நான் ஒரு வார்த்த பேசல கலைவாணி. நீயும் உன் மாமியார்கிட்ட கெஞ்சினு கெடக்காத. வேலைய வுட்டுட்டு வூட்டோட வந்துடறேன்னு உன் வூட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லு. மீதிய அவரே பேசி முடிச்சிடுவாரு."